ஊசி அண்ணன் பார்த்த வண்டி

ஊருக்கெல்லாம் உட்கார இடம் தைத்துக் கொடுக்கிற ஊசி அண்ணனால் மூன்று வாரமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தையல் மெஷினுக்கு முன்னால் அமர்வார், ஒரு சாண் நீளம் தைப்பார், எழுந்து வாசலுக்குப் போவார். வாசலில் காற்றையும் புழுதியையும் தவிர ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து கத்தரியைத் தேடுவார். கத்தரி அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். அண்ணிதான் அதை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நாலு வார்த்தையும் சேர்த்தே கொடுப்பார்.

நான் அவர்கள் கடைக்கு மேலே மாடியில் குடியிருக்கிறேன். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. என் அறையின் தரை வெறும் பலகை என்பதால் கீழே யார் தும்மினாலும் எனக்குக் கேட்கும். ஒட்டுக் கேட்கிறவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் குடியிருக்க முடியும்?

கார் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவர்கள் தொழில். அண்ணன் அளந்து வெட்டித் தைப்பார். அண்ணி ஸ்பிரிங்கைக் கட்டி, பஞ்சை அடுக்கி, உறையை மாட்டுவார். உறை மாட்டுவதை லேசாக நினைத்துவிடக் கூடாது. முழங்காலால் இருக்கையை அமுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து உறையை இழுத்து, கம்பி வளையத்தைக் குறடால் நெரிக்க வேண்டும். அண்ணியின் கட்டைவிரல்கள் இரண்டும் தடித்துக் காய்ப்பேறிப் போயிருக்கும். கடைக்குள் பசையும் தோலும் கலந்த வாசனை எப்போதும் இருக்கும். அந்த வாசனைக்குள் முப்பது வருஷம் இருவரும் எதிரெதிரே வேலை செய்திருக்கிறார்கள். பேச்சு ஓயாது, அதில் முக்கால்வாசி அண்ணியுடையது.

அண்ணனுக்கு ஊசி என்று பெயர் வந்தது தொழிலால் மட்டும் அல்ல. ஐம்பத்தெட்டு வயதில் கண்ணாடி போடாமல் ஒரே குத்தில் நூல் கோப்பார். நான் ஜன்னலோரம் போய் நூலை எச்சில் படுத்தி ஆறு தடவை குத்துவேன், ஏழாவது தடவை விரலில் குத்திக்கொள்வேன். அந்த வீட்டில் கண்ணுக்குப் பரீட்சை என்றால் அது ஊசிதான். பாப்பா, அதாவது அவர்கள் மகள், சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை தெரியவில்லை என்று அழுதபோது அண்ணன் அவள் கையில் ஊசியைக் கொடுத்தாராம். அவள் டக்கென்று கோத்துவிட்டாள். "கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு, படிக்கத்தான் வலிக்குது" என்று தீர்ப்பாகிவிட்டது. ஒரு வருஷம் கழித்து டீச்சர் கடுதாசி எழுதி அனுப்பிய பிறகுதான் அவளுக்குக் கண்ணாடி வாங்கினார்கள். அப்போதும் அந்த வீட்டில் யாரும் ஊசியைச் சந்தேகப்படவில்லை. இதை இவ்வளவு நக்கலாகச் சொல்கிற நானும் சந்தேகப்படவில்லை.

மூன்று வாரமாக அண்ணனைப் பிடித்து ஆட்டியது ஒரு கார். ஒரு மத்தியான நேரம் அதை அண்ணியிடம் சொல்லிவிட்டார். நான் மேலே ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன்."

"என்ன வண்டி? கைவண்டியா?"

"கார். ஜெர்மன்காரன் பெரிய சண்டையில தோத்துப் பத்து வருஷத்துக்குள்ள செஞ்ச வண்டி. முதுகு வளைஞ்சு ஆமை மாதிரி இருக்கும். பின்னாடி முட்டை வடிவத்துல ஒரு சின்ன கண்ணாடி. எஞ்சின் பின்னாடி."

"எஞ்சின் பின்னாடியா? அப்ப முன்னாடி என்ன இருக்கும்?"

"பெட்ரோல் டாங்கும் ஸ்டெப்னியும்."

"எல்லாத்தையும் தலைகீழா வச்சவன்கிட்ட போய் வாங்கப் போறீங்களா?"

"இப்ப அந்த மாதிரி வண்டி கெடைக்காது. சேத்து வைக்கிறவங்க தேடி அலையிறாங்க. ஒரு கப்பல்காரர் வச்சிருக்காராம். முதல்ல தைச்ச சீட்டு அப்படியே இருக்காம், யாரும் கை வைக்கலயாம்."

"இருந்துட்டுப் போகட்டும். நமக்கு எதுக்கு?"

மெஷின் சத்தம் நின்றது.

"எத்தனை வண்டிக்குத் தைச்சிருக்கேன் நான்? தைச்சு முடிச்சதும் ஒரு தடவை உக்காந்து பாப்பேன். எங்கயாவது குத்துதா, சத்தம் வருதான்னு. அப்புறம் சாவியக் குடுத்துடுவேன். என் இடம்னு ஒண்ணுல ஒரு நாள் உக்காந்ததில்ல."

"உக்காரத்தானே? உள்ள சோபா கெடக்கு."

"சோபா நகருமா?"

அண்ணிக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நாலு எட்டு வச்சா மூணு எடத்துல இடிக்கிற ஆளு நீங்க. காலைல டம்ளரத் தட்டிவிட்டீங்க. முந்தாநாள் கதவு நிலையில முட்டி நெத்தி வீங்கிக் கெடக்கு. போன மாசம் அந்த டாக்டரம்மா வண்டியத் தூண்ல தேச்சு வச்சீங்க. புத்தி ஒரு எடத்துல இருந்தாத்தானே? உங்களுக்கு கார் ஒண்ணுதான் கொறச்சல்."

"அது ஏதோ அவசரத்துல."

"ரெண்டு வருஷமாவா அவசரம்?"

அண்ணி அன்று சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அதைக் காது கொடுத்துக் கேட்ட நாங்கள் மூன்று பேரும், சொன்ன அண்ணியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒருவரும் அது என்னவென்று யோசிக்கவில்லை.

மறுநாள் அண்ணன் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போனார். பஸ்ஸில் வழியெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கப்பல்காரர் என்பவர் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தனிக்கட்டை. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவருடைய கொட்டகைத் தரையைப் பார்த்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன், அவ்வளவு சுத்தம்.

வண்டி மங்கின பச்சை நிறத்தில், வெயில் ஒரு பக்கம் பட நின்றிருந்தது. எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்த்தவுடன் தடவத் தோன்றியது.

"சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டும் புத்தகத்துல இருக்கிறது. மாத்தினதில்ல. பெயின்ட் மாத்தினதில்ல. பெட்ரோல் முள் கெடையாது, தீர்ந்துபோனா காலுக்கிட்ட ஒரு குழாய் இருக்கு, திருப்பிவிட்டா கொஞ்சம் தூரம் போகும். கேள்வி இருந்தா கேளுங்க" என்றார் கப்பல்காரர்.

அண்ணன் குனிந்து இரும்பில் வெட்டியிருந்த நம்பரைப் படித்தார். கொசு முட்டை அளவு எழுத்து, தூசி வேறு. தடங்கல் இல்லாமல் படித்தார். கப்பல்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினவர் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு அண்ணன் பின் இருக்கையைத் தூக்கி வெளியே எடுத்துக் கவிழ்த்தார். அடியில் கையை விட்டார், மூக்கை வைத்து முகர்ந்தார். தையலைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணுவது போல் தடவிக்கொண்டே போனார்.

"குதிரை மயிரு" என்றார் என்னிடம். "அடியில தேங்கா நாரு. சாமான் கெடைக்காத காலம், கெடைச்சத வச்சு எவ்வளவு ஒழுங்கா செஞ்சிருக்கான் பாரு தம்பி. வெளிய தெரியாத எடத்துலயும் தையல் ஒரே அளவு." அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அந்தக் கடையில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதுவரை எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் திரும்பும் கை. அந்தக் கால வண்டிக்கு, திரும்புவதைக் காட்டும் மினுக்கு விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் தூணுக்குள் ஒரு சின்னக் கை மடங்கிக் கிடக்கும், சுவிட்சைத் திருப்பினால் விளக்கோடு வெளியே நீட்டிக்கொள்ளும். கப்பல்காரர் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். அண்ணன் வண்டியின் மூக்குக்கு நேராக நின்றார்.

"வந்துச்சா?"

"வரலயே ஐயா."

"இந்தப் பக்கம்?"

"இல்ல. வேலை செய்யல."

நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். கை நீட்டிக்கொண்டு ஜம்மென்று எரிகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி புரிந்துவிட்டதாக நினைத்தேன்: அண்ணன் நூல் விட்டுப் பார்க்கிறார், குறை சொல்லி விலையை இறக்கப் போகிறார். பொத்தான் வாங்கும்போதுகூடப் பேரம் பேசாத மனுஷனுக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று மெச்சிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அச்சில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடிக்கிறவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

கப்பல்காரர் இறங்கி வந்தார். "வேலை செய்யிற பொருள வேலை செய்யலன்னு சொல்றவங்களுக்கு நான் விக்கிறதில்ல."

அண்ணன் திருதிருவென்று விழித்தார். தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இப்பத்தான் வந்துச்சு போல" என்றார்.

கப்பல்காரர் பின் இருக்கையைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார். அண்ணன் குறுக்கே போய், "இருங்க, மூலை மடங்கிடும்" என்று வாங்கித் தானே பதமாக உட்கார்த்தினார். அதைப் பார்த்துத்தான் கிழவர் மனம் இறங்கியிருக்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை வாங்க. ஓட்டிப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க" என்றார். வெளியே வரும்போது அண்ணனின் தோள் கேட் தூணில் நங்கென்று மோதியது.

பஸ்ஸில், "பேரத்த அழகா ஆரம்பிச்சீங்க அண்ணே" என்றேன்.

"என்ன பேரம்?" என்றார். அதையும் நான் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவும் வந்தாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள், வாய் அம்மாவுடையது. அண்ணியும் கிளம்பினார். "வேணாம்னு சொல்லத்தான் வர்றேன்" என்றவர் ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சுப் பழம் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

அண்ணன் ஓட்டினார். பக்கத்தில் பாப்பா, பின்னால் அண்ணியும் நானும். கப்பல்காரர் கேட்டிலேயே நின்றுவிட்டார். எஞ்சின் எங்கள் முதுகுக்குப் பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டது. பெரிய ரோட்டில் அண்ணன் ஒரே சீராக ஓட்டினார். அவர் முதுகு இருக்கையில் பதிந்து அசையாமல் இருந்ததைப் பார்த்தபோது, மூன்று வாரத்தில் முதல் தடவையாக மனுஷன் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தேன். அண்ணியும் அதைப் பார்த்திருக்க வேண்டும். பையைத் திறந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார்.

"கண்ணாடியப் பாருங்கப்பா. ரெண்டு பக்கமும் பாருங்க" என்றாள் பாப்பா.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

கிடங்குகள் இருக்கிற தெருவில் திரும்பினோம். பக்கத்துச் சந்திலிருந்து ஒருவன் தண்ணீர் கேன்கள் அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் பார்த்தேன், அண்ணி பார்த்தார், பாப்பா பார்த்தாள். அண்ணன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. பாப்பாவின் கால் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. அவளுக்குச் சட்டென்று உறைத்து, நடுவில் இருந்த கைப்பிரேக்கைப் பிடுங்கி இழுத்தாள். வண்டி அலறி, பின்புறம் ஒதுங்கி நின்றது. தள்ளுவண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று தள்ளுவண்டிக்காரன் கத்தினான். நியாயமான கேள்வி.

"எங்கேருந்து வந்தான் இவன்?" என்றார் அண்ணன். சமாளிப்பதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு, "பழைய வண்டில்ல, கண்ணாடி சின்னது. பக்கம் தெரியல" என்றார்.

பாப்பா அவரை இறங்கச் சொல்லி, வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கிடங்குச் சுவரோரம் அவரை நிறுத்தினாள். காற்று தூசியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. எதிரே மூன்றடி தள்ளி நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"என் மூக்கையே பாருங்கப்பா. கண்ண எடுக்காதீங்க. எந்தக் கை ஆடுதுன்னு சொல்லுங்க."

"சரி."

அவளுடைய இரண்டு கைகளும் ஆடின. விரல்கள் படபடத்தன. அண்ணன் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம், ஆரம்பி" என்றார்.

நான் அண்ணியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

பாப்பா கைகளை ஆட்டியபடியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தாள். தோளுக்கு நேராக வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கன்னத்துக்கு நாலு விரல்கடை இருக்கும்போதுதான், "இப்பத் தெரியுது, ரெண்டும் ஆடுது" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"என்ன பாப்பா?"

"அப்பா, உங்களுக்குப் பக்கம் தெரியல."

"எனக்கா?" சட்டைக் காலரில் எப்போதும் குத்தி வைத்திருக்கிற ஊசியை எடுத்தார். பையிலிருந்து நூலை இழுத்தார். அந்தக் காற்றில், நடுத்தெருவில், ஒரே குத்தில் கோத்து அவளுக்கு முன்னால் நீட்டினார். "பாரு. இதக் கோக்குறவனுக்கா கண்ணு தெரியாது? பாரும்மா."

பாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஊசி நேரா இருக்குப்பா. எல்லாம் நேராவா வருது?"

அண்ணி கையில் உரித்த ஆரஞ்சோடு நின்றிருந்தார். சாறு மணிக்கட்டில் வழிந்தது. "ரெண்டு வருஷமா இந்த மனுஷன நான் என்னவெல்லாம் சொல்லிட்டேன்" என்றார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு தடவையும் அதையே சொன்னார்.

வண்டியைப் பாப்பாதான் திரும்பக் கொண்டுபோய் விட்டாள். கப்பல்காரரிடம், "யோசிச்சுச் சொல்றோம்" என்று மட்டும் சொன்னோம்.

கண் டாக்டர் வட்டமான கருவிக்குள் அவர் தலையை வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பக்கத்துப் பார்வை போய்விட்டது என்றார். போனது வராது. தினமும் சொட்டு மருந்து விட்டால் நடுவில் இருக்கிறதைக் காப்பாற்றலாம், ஊசி கோக்கலாம், படிக்கலாம், தைக்கலாம். வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. "இத்தனை நாள் எங்கயும் இடிச்சுக்கலயா?" என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணி தலையைக் குனிந்துகொண்டதாகப் பாப்பா சொன்னாள்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கீழே சத்தம் நின்றுவிட்டது. அண்ணி டம்ளரை அவருக்கு நேராக நகர்த்தி வைத்தார், நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கினார், கதவு நிலையில் பழைய பஞ்சை வைத்து உறை தைத்துக் கட்டினார். ஒரு சுடுசொல் கிடையாது. மேலே எனக்கு வேலையே ஓடவில்லை. இரைச்சல் என்று எத்தனை நாள் முணுமுணுத்திருக்கிறேன், இப்போது மழைச் சத்தத்துக்கு நடுவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அச்சகத்தில் ஒரே பக்கத்தில் மூன்று பிழை விட்டுத் திட்டு வாங்கினேன்.

ஒரு நாள் எதுவோ விழுந்து உருண்டது.

"திட்டு" என்றார் அண்ணன்.

"எதுக்கு?"

"பசை டப்பாவத் தட்டிட்டேன்ல. திட்டு."

"போகட்டும், ஒண்ணும் ஆகல. நான் தொடைச்சிக்கிறேன்."

"நான் என்ன செத்தா போயிட்டேன்? வாயத் தொறந்து திட்டேன்."

அண்ணி திட்டவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் அன்றிலிருந்து உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மெஷினில் பாதி தைத்த உறை அப்படியே தொங்கியது. வந்த வாடிக்கையாளர்களிடம் அண்ணி ஏதேதோ சொல்லிப் பூசி மெழுகி அனுப்பினார். ஐந்தாவது நாள் கப்பல்காரர் கடைக்குப் போன் செய்தார். வேறு ஒருவர் வாங்கிக்கொள்ள வருகிறார், இருக்கையை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுசு வைப்பாராம், உங்கள் முடிவு என்ன என்று கேட்டிருக்கிறார்.

"குடுத்துடுங்க ஐயா" என்று அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது. "உங்க வண்டி நல்ல வண்டி. அன்னைக்கு அந்தக் கை வேலை செஞ்சுது. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அரை மணி நேரத்தில் அண்ணி மாடியேறி என் அறைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"தம்பி, அந்தக் கப்பல்காரர் வீட்டுக்கு வழி தெரியும்ல? கெளம்பு. பாப்பாவ அங்க வரச் சொல்லிட்டேன்."

"எதுக்கு அண்ணி?"

"வண்டிய வாங்கத்தான்."

"நீங்கதானே வேணாம்னு..."

"முன்ன ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குறாரேன்னு பயந்தேன். இப்ப உக்காந்துட்டாரு, எந்திரிக்க மாட்டேங்குறாரு. அந்தப் பயம் எவ்வளவோ தேவலாம்."

"சரி அண்ணி. யாரு ஓட்டுறது?"

"பாப்பா ஓட்டட்டும். நீ ஓட்டு."

"எனக்கு சைக்கிளே வராதே."

"ஆம்பளையா பொறந்து சைக்கிள் வராதுன்னு எவ்வளவு தெளிவா சொல்ற" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வசவு. நான் உடனே செருப்பை மாட்டினேன்.

கப்பல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "அவரு வரலயா?" என்றார். அண்ணி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கிழவர் சாக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஏமாத்துக்காரன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றேன். அதைச் சொன்னதும் கொஞ்சம் பாரம் இறங்கியது.

அண்ணி வண்டிக்குள் குனிந்து இரண்டு கட்டைவிரலாலும் இருக்கையை அமுக்கிப் பார்த்தார். முன்னால், நடுவில், விளிம்பில். "செஞ்சவன் வேலை தெரிஞ்சவன்" என்று முடிவு சொன்னார். காகிதத்தில் அங்கே இருந்தவர் பெயரைத்தானே எழுத முடியும், அண்ணி பெயரிலேயே எழுதினார்கள். மற்ற ஆளுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்குக் கப்பல்காரர், "வித்துப்போச்சுன்னு சொல்வேன்" என்றார், அவ்வளவுதான்.

மழை விட்ட ஈரத் தெருவில் பாப்பா வண்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினாள். படபடவென்ற அந்தச் சத்தம் ஒன்றே போதும், அண்ணன் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓட்டுகிற பக்கத்துக் கதவுக்கு வந்ததும் அதைத் திறந்தார். பாப்பா இறங்கிக்கொண்டாள். அவர் ஏறி உட்கார்ந்தார்.

இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்தன. பாப்பா சாவியை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி என் பக்கத்தில் நின்று மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை. கேட்டால் கொடுப்பதா, மறுப்பதா? மறுத்தால் இவர் என்ன ஆவார்? அதை நாங்கள் வழியில் பேசவே இல்லை. அண்ணன் தெருவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாவியைக் கேட்கவும் இல்லை.

பிறகு இறங்கினார். ஈரத் தரையில் முழங்காலை ஊன்றி, இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஏதோ ஒரு பிடியை இழுத்து இருக்கையை முன்னால் தள்ளினார். அடிப்பட்டையில் அது ஒரு பல், இரண்டு பல், மூன்று பல் என்று நகர்ந்தது. இறுகியிருக்கிறதா என்று பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இந்தா, உக்காந்து பாரு. கால் எட்டுதான்னு சொல்லு" என்றார்.

பாப்பா ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"உன்னச் சொல்லல. உனக்கு உன் வேலை இருக்கு. அம்மாவச் சொன்னேன்."

"யாரு, நானா?" என்றார் அண்ணி.

"நீதான். பாப்பா சொல்லிக் குடுப்பா."

"எனக்குப் பயமா இருக்குங்க. ஊருல உள்ளவனெல்லாம் குறுக்க வருவான்."

"வரட்டும். உனக்குத்தான் எல்லாப் பக்கமும் தெரியுதே" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்துக் கதவைத் தடவித் திறந்து, பக்கத்து இருக்கையில் அமர்ந்தார்.

அண்ணி கைகளைப் புடவையில் துடைத்தார். தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார். காலை நீட்டினார். நுனிவிரல்தான் மிதியில் பட்டது.

"முப்பது வருஷம் கூட இருந்தும் என் கால் அளவு தெரியல பாருங்க" என்றார். "இறங்கி வாங்க. இன்னும் ஒரு பல்லு முன்னால தள்ளுங்க."